சூனியக்காரி மேல் உன் அம்மாவின் கோட்டு

அக்டோபர் 27, ஞாயிறு

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, ரத்தம் கொதிப்பதைத் தவிர. போனில் பேசினால் நீ நடுவில் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் காகிதம். ஆஸ்திரேலியா போய்ச் சேர இரண்டு வாரமாவது ஆகும் என்று தபால் ஆபீஸ் பெண் சொன்னாள். ஆகட்டும், அதற்குள் என் கோபம் ஒன்றும் ஆறிவிடாது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பி, முன்பு நானும் அம்மாவும் போன அதே லிண்டன் தெரு வழியாகத்தான் போய் வருகிறேன். ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள்தான், தெருவே களைகட்டிக் கிடக்கிறது. இந்த வருஷம் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நெல்சன் தன் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு எலும்புக்கூட்டை நிறுத்தி, அதற்குக் குளிருமாம், கழுத்தில் மப்ளர் வேறு சுற்றியிருக்கிறான். இன்னொரு வீட்டில் ஆள் நடமாட்டம் தெரிந்தாலே அலறுகிற ஒரு பிணப் பொம்மை. இதய நோயாளி நடக்கிற தெருவில் வைக்கிற சாமானா அது? காற்றடைத்த பொம்மைகளைப் பற்றி நான் பேசவே போவதில்லை, பகலில் மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள், புல்வெளியெல்லாம் பேய்கள் நனைந்த படுக்கை விரிப்பு மாதிரி சுருண்டு கிடக்கின்றன. ஆனாலும் அந்த நடை எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்க மாட்டேன். அம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டே வருவாளே, இப்போது நான் மனசுக்குள் போடுகிறேன். முற்றத்தில் உட்கார்ந்து சீட்டாடுகிற நாலு எலும்புக்கூடுகளுக்கு எட்டு கொடுத்தேன். அதில் ஒன்று திருட்டுத்தனமாக ஒரு சீட்டை விலா எலும்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை முனை வீட்டுக்கு வந்தேன். வசந்த காலத்தில் குடிவந்த இளம் தம்பதி, ஓர்டேகா என்று பெயர். வாசலில் ஒரு சூனியக்காரியை நிறுத்தியிருந்தார்கள், பச்சை முகம், மூக்கில் மரு, முன்னால் கொப்பரை, கையில் பெரிய கரண்டி. ஒன்பது போடலாம் என்று நினைத்தபோதுதான் அவள் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம். மூன்றாவது பொத்தான் மட்டும் தூண்டில் நரம்பால் தைத்தது. தைத்தவன் நான்தான், சர்ச்சுக்கு நேரமாகிறது என்று உன் அம்மா கத்தக் கத்தக் காருக்குள் உட்கார்ந்து தைத்தேன். பதினெட்டு வருஷம் ஞாயிறு தவறாமல் என் மார்லிஸ் போட்டுக்கொண்டு போன கோட்டு, கிர்ஸ்டன்! அதை ஒரு சூனியக்காரிக்கு மாட்டிவிட்டு, போதாததற்குக் கீழ் ஓரத்தைக் கத்தரியால் வெட்டிக் கந்தலாக்கியும் வைத்திருந்தார்கள். நேரே வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டேன். நீ ஜூனில் வந்து நாலே நாளில் அலமாரியை ஒழித்து, ஒன்பது பையாகக் கட்டி சர்ச் பழந்துணி விற்பனைக்குக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதன் பலன் இது.

மூன்று நாள் அந்த வீட்டைப் பார்க்காமல் எதிர் ஓரமாக நடந்தேன். நேற்று பொறுக்க முடியவில்லை, போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் மரீசா வந்தாள். "உங்க சூனியக்காரி போட்டிருக்கிறது என் பெண்டாட்டி கோட்டு" என்றேன். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்தாள் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே "அப்படியா, கொப்பரையையும் கேட்டு அனுப்பினாங்களா?" என்றாள். "அவ போய்ப் பதினோரு மாசமாச்சும்மா. கொப்பரை வேணாம், கோட்டு போதும்" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ சார், சத்தியமா எனக்குத் தெரியாது. சர்ச் விற்பனையிலயே நல்ல கோட்டு இதுதான். கத்தரியக் கையில வச்சுக்கிட்டு, வெட்ட மனசே வராம எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா" என்றாள். மனசு வராவிட்டால் வெட்டாமல் இருந்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் புருஷன் ஓடிவந்து கோட்டைக் கழற்றி, காலரில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்ட்டைத் துடைத்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தான். இன்று போகும்போது பார்த்தேன், மரீசா தன்னுடைய மழைக்கோட்டையே சூனியக்காரிக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் மார்க் ஆறுக்கு இறங்கிவிட்டது.

கோட்டு இப்போது அலமாரியில் தொங்குகிறது. அத்தனை காலி ஹேங்கருக்கு நடுவில் அது ஒன்றுதான். அதைப் பார்த்த கோபத்தில் உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், இதுவரை திட்டியும் விட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை எழுதாமல் உறையை ஒட்டினால் நான் மனுஷனில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போ, அவளுடைய கைக்குட்டைகூட இந்த வீட்டில் என் கண்ணில் படக் கூடாது என்று சொன்னது நான்தான். நீ மூன்று தடவை கேட்டாய். கடைசித் தடவை இதே கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "இது ஒண்ணாவது இருக்கட்டுமேப்பா" என்றாய். நான் கத்தின கத்தலில் நீ அதையும் பையில் போட்டாய். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தும் கோபம் போகமாட்டேன் என்கிறது, யார் மேல் படுவது என்றுதான் தெரியவில்லை.

அங்கே வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்டவர் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். ஒன்றை மட்டும் மறக்காமல் பதிலில் எழுது. அம்மாவின் பொருள் எதையாவது எனக்குத் தெரியாமல் நீ பெட்டியில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனாயா? திருப்பிக் கேட்க மாட்டேன், உன்னிடமே இருக்கட்டும். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. பெற்ற அப்பன் தொண்டை கிழியக் கத்தினால்தான் என்ன, அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.

இப்படிக்கு
உன் அப்பா
ஆர்விட்