கழுதைக்குக் கிடைத்த கைதட்டல்

அன்புள்ள சிநேகிதனுக்கு,

முருங்கன் ஊர் மண்டபத்தில் நீ பேசியதைக் கேட்டேன். மனம் உடைந்தவனுக்கு ஒரு துணை போதும் என்றாய். உன் மனைவி இறந்த வருடம் நீ கடற்கரையில் தனியே குந்தியிருந்தாயாம். ஒரு கழுதை வந்து பக்கத்தில் நின்றதாம். அதுதான் உன்னை வாழவைத்ததாம். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

என் மனைவி நிறஞ்சலா முழங்கையால் இடித்தாள்.

"என்னப்பா, அந்த வருசம் முழுக்க அவரோடை கடற்கரையில இருந்தது நீங்களெல்லோ?"

"கழுதையும் வந்தது. நான் அதுக்கு அங்கால இருந்தனான்."

"அப்ப ஏன் உங்களைச் சொல்லேல்லை?"

"கழுதைக்குக் காது பெரிசு. கதையில எடுப்பா இருக்கும்."

கழுதை உன் கையிலிருந்த பாண் துண்டுக்காகத்தான் வந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாணை வாங்கி வந்தவன் நான் என்பதையும்.

இரண்டு மாதமாக எனக்கு நித்திரை இல்லை. சாப்பாடும் இறங்குவதில்லை. நிறஞ்சலாவிடம் சொன்னால் பயப்படுவாள். கூட்டம் முடிந்ததும் உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். உன்னோடு படம் எடுக்க நின்றவர்களின் வரிசை வாசல்வரை இருந்தது. எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரைக்கு வா. தனியே வா. மேடையில் சொன்ன எதையும் என்னிடம் சொல்லாதே. எல்லோருக்கும் கொடுத்தது எனக்கு வேண்டாம். பேசாமல் பக்கத்தில் இரு.

இப்படிக்கு,
உன் கதையில் இல்லாதவன்