அப்பாவின் ரத்தக்குழாய்க்கு முதல் பரிசு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். விடுதியில் நான் நலம். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

அறிவியல் கண்காட்சியில் எனக்குத்தான் முதல் பரிசு! "சிகரெட்டைத் தொட்டதே இல்லை, எனக்கேன் இதயத்துல அடைப்பு?" என்று உங்களையே நொந்துகொண்டீர்களே, அதற்குத்தான் விடை தேடினேன். பிளாஸ்டிக் குழாயில் சாக்பொடி கலந்த தண்ணீரை ஓடவிட்டேன். நேரான குழாயில் பொடி படியவே இல்லை. "இதுபடி பார்த்தா உலகத்துல யாருக்கும் அடைப்பே வராதுடி" என்று அறைத்தோழி கிண்டலடித்தாள். பிறகு உங்கள் ஆஞ்சியோ படத்தைப் பார்த்து, அதேபோல் வளைத்துக் கிளை பிரித்தேன். கிளை பிரியுமிடத்தில், தண்ணீர் வேகம் குறைந்து சுழலும் ஓரத்தில், பொடி படிந்தது. உங்களுக்கு அடைத்த அதே இடம்!

நடுவராக வந்த டாக்டர் குனிந்தபோது குழாய் கழன்று அவர் சட்டை நனைந்துவிட்டது. நல்லவேளை, சிரித்துவிட்டார்.

"யாரோட ரத்தக்குழாய்மா இது?"

"எங்கப்பாவோடது சார்."

"கொழுப்பு எல்லார் ரத்தத்துலயும் ஓடுது. அது எங்க தங்கும்கிறதுல இந்த வளைவுக்கும் பங்கு இருக்கு. அப்பா தன்னையே குத்தம் சொல்லிக்க வேணாம். மாத்திரையை மட்டும் விட்டுடக் கூடாது."

கேட்டீர்களா அப்பா?

ஆண்டு விழாவில் பரிசு வாங்கும்போது பெற்றோரும் மேடையேற வேண்டுமாம். ஏழே படிகள்தான், நடுவில் உட்கார நாற்காலி போட்டுவைக்கிறேன். என் பழைய போர்வையையும் எடுத்து வாருங்கள். இங்கே கொடுத்ததில் நம் வீட்டு வாசனையே இல்லை.

படிப்பு மணி அடித்துவிட்டது. கட்டாயம் வாங்கப்பா.

உங்கள்
மூக்குக்கண்ணாடி மகள்