முதுகைக் காட்டி வாசித்தவர்

11.2.2002, திங்கள்

காலையில் பனி. மலை பாதிதான் தெரிந்தது. சைக்கிள் செயின் கழன்று கையெல்லாம் கிரீஸ்.

நார்மன் சார் (இனி நா.) இன்று தன் சுயசரிதையின் கிளப் அத்தியாயம் சொன்னார், நான் டைப். லண்டனுக்கு வெளியே ஒரு டீக்கடை, அதற்குக் கீழே நிலவறை, அதில் வாரம் ஒரு நாள் பாட்டு. இளவயதில் இவர்தான் நடத்தினாராம். சுவரில் ஈரம், பூஞ்சை வாசனை, ஒரே பிளக் பாயிண்ட், மைக்கில் வாய் பட்டால் ஷாக். அங்கே சும்மா வாசித்த பையன்கள்தான் பிறகு உலகத்தையே ஆட வைத்தார்களாம். பிரிட்டிஷ் ராக் முழுக்கத் தன் நிலவறையில் முளைத்தது என்கிறார். காளான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே, “எஸ் சார்.”

காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம். தன்னை மறக்க இந்த ஊருக்கு வந்தவராம். மறப்பதற்கே இவ்வளவு பக்கம்.

வாங்க வேண்டியது: சீயக்காய், சைக்கிளுக்கு எண்ணெய், நைனாவுக்கு இருமல் மருந்து.

13.2, புதன்

வெயில் ஏறிவிட்டது. மாசி பிறந்தாச்சு.

நா.வுக்கு நினைவிருப்பவை: எவன் ஷூவில் ஓட்டை, எவன் யாருடைய கிட்டாரை இரவல் வாங்கினான், எவன் எந்தப் படியில் வாந்தி எடுத்தான்.
நினைவில்லாதது: அந்தப் பையன்களுக்கு ப்ளூஸ் என்றால் என்ன என்று காட்டின அமெரிக்கக் கறுப்பரின் பெயர்.

“பெரிய ஆள். நாக்கு நுனியில் இருக்கிறது. இப்போதைக்குக் கோடு போட்டு வை.”

போட்டேன். _______.

அந்தக் கோடு கிளப்புக்கு வந்து வாசித்தாராம். பையன்கள் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக வாசி, திரும்ப வாசி என்று பிடுங்கியிருக்கிறார்கள். அவர் விரல் தெரியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். பையன்கள் தெருவுக்கு ஓடி, நிலவறைக்குள் கரி கொட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். பிறகு அதையே ரெக்கார்டு போட்டார்கள், பங்களா வாங்கினார்கள். நா. கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். “எவ்வளவு கஞ்சன் பார்.”

திருடினவன் கலைஞன். மறைத்தவன் கஞ்சன். அதையும் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். இதற்குத்தான் பி.ஏ.

15.2, வெள்ளி

ஆட்டோ குமார் வந்தான். வெள்ளைக்காரர்களுக்கு வீடு, தேன், சாமியார் தரிசனம், எல்லாம் அவன் வழியாகத்தான். கடைசி அத்தியாயத்துக்கு நா.வுக்கு உள்ளூர்க் கொட்டு வேண்டுமாம். அங்கே நிலவறை, இங்கே மொட்டை மாடி.

“பம்பை செட்டு ஒண்ணு புடிச்சிட்டேன் சார். அடி அண்ணாமலை ஆளு. ஒரிஜினல்.”

விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பம்பை அடிப்பவர் ஒருவர்தான். என் நைனா.

சாயங்காலம் வீட்டில் அவரே ஆரம்பித்தார். “நீ வேல செய்ற எடந்தானே அது?”

“ஆமா.”

“அங்க என்னத் தெரிஞ்சாப்ல காட்டிக்காத. படிச்ச பொண்ணுன்னு மரியாதயா வச்சிருக்காங்க. பம்பக்காரன் மவள்னா ஒரு படி கம்மிதான்.”

“அப்டிலாம் இல்ல நைனா.”

“நீ சின்னப் பொண்ணு. சொன்னத கேளு.”

சரி என்றேன். பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

17.2, ஞாயிறு

மொட்டை மாடி. பாயில் வெள்ளைக்காரர்கள், கண்ணை மூடி, ஒன்றும் ஆரம்பிக்கும் முன்பே தலையாட்டிக்கொண்டு. மூலையில் நான், பாட்டின் அர்த்தம் குறித்துக்கொள்ள.

நைனா படியேறி வந்தார். சலவை வேட்டி. என்னைப் பார்த்து, “வணக்கங்க மேடம்.” உதடு துளி அசையவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

சூடம் ஏற்றிப் பிள்ளையாரைக் கும்பிட்டு அங்காளம்மனை அழைக்க ஆரம்பித்தார். பம்பை ஏற ஏற எனக்குக் கால் கட்டைவிரல் தானாக இழுத்தது. செருப்புக்குள் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

நடுவில் நா. கையைத் தூக்கினார். கேசட் தீர்ந்துவிட்டது.

“யோவ், நிறுத்துய்யா. டேப்பு திருப்பணுமாம்,” என்றான் குமார்.

நைனா அடித்துக்கொண்டே சொன்னார்: “கூப்டுட்டேன். வந்துனு கீறா. பாதி வழில நிக்க வக்க முடியாது.”

நா. எழுந்து போனார். சிரித்துக்கொண்டே தோல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பம்பை செத்துப்போனது.

“ஃப்ரம் த டாப், ப்ளீஸ்.”

“மொதல்லேர்ந்து அடிக்க சொல்றாரு பெரியவரே,” என்றான் குமார்.

நைனா குச்சியைக் கீழே வைத்தார். அழைத்த சாமியைச் சூடம் காட்டி மலையேற்றி அனுப்பியாக வேண்டும், அப்படியே விட்டுவிட்டு எழக்கூடாது. சூடத்தை ஏற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொட்டு இல்லாமல் வாய்க்குள்ளேயே பாடினார். ஒரு வார்த்தை வெளியே கேட்கவில்லை. நா. கேசட்டைத் திருப்பிப் போட்டு மைக்கை நீட்டியபோது சூடம் அணைந்துவிட்டது. பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பாயில் ஒருத்தி கைதட்டினாள். முடிவு அதுதான் என்று நினைத்திருப்பாள்.

18.2, திங்கள்

நைனா சாப்பிடவில்லை. காலையில் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்து படுத்தார். “அவன் கைய வச்சிட்டாம்மா,” என்றார். நானும் வேலைக்குப் போகவில்லை.

19.2, செவ்வாய்

காற்று, புழுதி. போனேன்.

நா. கடைசி அத்தியாயம் சொன்னார். “பெயர் தெரியாத ஒரு கிராமத்து மேளக்காரன், பயந்த சுபாவம், மூடநம்பிக்கை, பாதியில் ஓடிவிட்டான். எங்கள் கிளப்புக்கு வந்த அந்தக் கஞ்சனைப் போலவே.”

“பேர் கேட்டு எழுதலாமா சார்?” இந்த வேலைக்கு வந்து நானாகக் கேட்ட முதல் கேள்வி.

“வேண்டாம். வாக்கியம் இழுத்துக்கொண்டு போகும். குமாரிடம் சொல், சொன்னால் நிறுத்தும் ஆளாகப் பார்க்கட்டும்.”

டீ ஊற்றிக்கொள்ள எழுந்தார். திரையை முழுக்க முதுகால் மறைத்துக்கொண்டு, ‘பெயர் தெரியாத’ என்பதை அழித்துவிட்டுத் தட்டினேன்: ஆர். ஏழுமலை, அடி அண்ணாமலை, பம்பை. இதை டைப் செய்பவளின் தந்தை.

அப்படியே பிரிண்ட் கொடுத்துவிட்டேன். நாளை படிப்பார்.

அமெரிக்கருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் இன்னும் கோடுதான்.