மேடம் கேட்காத கேள்வி

என் கண்ணான நைனாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் நல்ல செய்தி. உனக்காக நான் ஆரம்பித்த பேஜ் இன்னும் ஓடுகிறது. ஈஸ்டர் அன்று சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு நீ டோலக் வாசித்தாயே, அந்த ரீலை யார் யாரோ ஷேர் பண்ணுகிறார்கள். வேலூர்க்காரர் ஒருத்தர், "இது கையா, மிஷினா?" என்று கேட்டிருந்தார். "எங்க நைனா கை" என்று பதில் போட்டேன். நீ இருந்தபோதும் மகள் நான்தான் உனக்கு முதல் ரசிகை. இப்போதும் அப்படித்தான்.

தமிழில் எழுதுகிறேன் என்று ஆச்சரியப்படாதே. எல்லையில் கோடு போட்டவர்கள் நம் ஊரை ஆந்திரா பக்கம் விட்டதில் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது தெலுங்கு. பாட்டு வீடியோக்களில் கீழே ஓடும் வரிகளைப் பார்த்துப் பார்த்து நானாகப் பிடித்த தமிழ் இது.

அடுத்த செய்தி அவ்வளவு நல்லதில்லை. நர்சிங் கவுன்சலிங்குக்குப் புதிதாக சாதி சர்டிபிகேட் கேட்டார்கள். உனக்குத் தெரிந்த கதைதான், பேஜில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காகிதத்தில் நாம் இந்து, எஸ்.சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச். அதை எழுதிக் கொடுத்தால் எஸ்.சி. போய், கிறிஸ்தவரான எஸ்.சி.க்களுக்கென்று வைத்திருக்கிற பி.சி.-சி ஆகிவிடும். அந்தப் பட்டியலில் இடம் ரொம்பக் கொஞ்சம். என் மார்க்குக்கு எஸ்.சி. என்றால் திருப்பதியில் சீட் உறுதி. பி.சி.-சி என்றால் சந்தேகம். ஊரில் நம்மைக் கூப்பிடுகிற விதம் மாறவே இல்லையே, காகிதம் மட்டும் எப்படி மாறுகிறது என்று நீயே கேட்டிருக்கிறாய். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வி.ஆர்.ஓ., அதாவது கிராம வருவாய் அதிகாரி, வீட்டுக்கு விசாரணைக்கு வருவார் என்றார்கள். புதன்கிழமை மத்தியானமே புத்தூரிலிருந்து மாமா வந்துவிட்டார்.

"மொதல்ல அந்தப் பேஜத் தூக்கு பாப்பா. சர்ச்சுல உக்காந்துகினு உங்க நைனா தட்டறத ஊரே பாக்குது."

"ஊரே பாக்கணும்னுதான் மாமா போட்டேன்."

"ஆபீசரம்மாவும் அந்த ஊர்லதான் கீறாங்க. செவுத்துல கீற ஏசு படத்தையும் எடுத்து பெட்டில வையி. ஒரு மணி நேரம். சாமி கோச்சிக்க மாட்டாரு."

அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் என்னை ஹாஸ்டலில் சேர்க்க இதே சர்டிபிகேட்டுக்கு நீ அலைந்தாய். ஆபீசர் வருகிறார் என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து பெருமாள் காலண்டரை வாங்கிவந்து இயேசு படத்தின் மேல் மாட்டினாய்.

"நைனா, பின்னாடி கீறவருக்கு நாம பேசறது கேக்காதா?" என்றேன்.

"கேக்கும். அதான் மெதுவா மாட்டிக்கினு கீறேன். நீ சும்மா இரு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதற்கப்புறம் நாலு ஞாயிறு நீ டோலக்கைத் தொடவில்லை. கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். பாஸ்டர் கேட்டதற்குக் கை வலி என்றாய். நான் நம்பி, தினமும் தைலம் தேய்த்துவிட்டேன்.

மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள். "உங்க நைனாக்குக் கை நல்லாத்தான் இருந்திச்சி. 'சாமி எல்லாத்தையும் பாத்துகினுதான இருந்தாரு, அவரு எதிர்ல நான் எப்பிடித் தட்டறது'ன்னு சொல்லிகினே இருந்தாரு. உனுக்கோசரம்தான் செஞ்சாரு. அத்த வீணாக்காத."

ஏன் நைனா, தைலம் தேய்த்தபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்த நாலு ஞாயிறும் இயேசு எங்கே இருந்தார் என்று நினைத்தாய்? முன்னால் பீடத்தருகிலா? செருப்புகளுக்குப் பக்கத்தில் உன்னோடு வந்து உட்கார்ந்திருக்க மாட்டாரா?

நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. மாமா படத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தபோது தடுக்கவில்லை. உன் ரீல்கள் எல்லாவற்றையும் நானே மறைத்துவைத்தேன்.

வி.ஆர்.ஓ. மேடம் என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். ஸ்கூட்டியில் வந்தாள். சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, பழைய சர்டிபிகேட் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் கொண்டுவந்த காகிதத்தில் மதம் என்ற இடத்தில் இந்து என்று ஏற்கெனவே அச்சாகி இருந்தது. அடியில் விரலை வைத்து, "இக்கட சைன்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தால் பயத்தில் பொய் சொல்லியிருப்பேன், அது எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். மேடம் பார்க்கவில்லை, சரி. பார்க்கிறவர் வேறொருத்தர் அங்கேயே இருந்தாரே.

"மேடம், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்று தெலுங்கில் சொல்லிவிட்டேன்.

மேடம் அப்போதுதான் நிமிர்ந்தாள். "நேனு அடகலேதே" என்றாள். நான் கேட்கவே இல்லையே என்கிறாள். கோபமில்லை. எனக்காகப் பாவப்பட்டுத்தான் சொன்னாள்.

"தெரியும் மேடம்."

"அவுங்க நைனா போனதுலர்ந்து இதுக்குப் புத்தி ஒரு நெலைல இல்ல மேடம். நீங்க எழுதிக்கோங்க" என்றார் மாமா. மேடம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். திங்கட்கிழமைக்குள் யோசித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"நீ சாமியப் பாத்துக்கோ. சீட்ட யாரு பாத்துக்குவா?" என்று கேட்டுவிட்டு மாமாவும் பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை போய் பி.சி.-சி என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய சமாதானம் எதுவும் மனசில் இறங்கவில்லை. பசித்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு, உன் ரீல்களைத் திரும்பத் திறந்துவிட்டேன். முதல் லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நைனா. நீ வாங்கின காகிதத்தில்தான் நான் படித்தேன். இன்றைக்கும் அப்படிக் கையெழுத்துப் போடுகிற அப்பா அம்மாக்களையும் குறை சொல்லமாட்டேன். எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று தட்டில் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ரெண்டாவது லிஸ்ட்லயும் வர்லன்னா?"

"அடுத்த வருசம் திரும்பப் பரீட்ச எழுதறேன்."

"அதுலயும் வர்லன்னா?"

"அதுக்கு அடுத்த வருசம்."

"அதுவரிக்கும் பட்டினியா கெடக்கப் போற? துன்னு" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் அடுத்த சீசனுக்குப் பேர் கொடுத்துவிட்டேன். வேலையும் பார்ப்பேன், படிக்கவும் செய்வேன். எந்த லிஸ்டில் வந்தாலும், எத்தனை வருஷம் ஆனாலும், நர்ஸ் ஆகாமல் விடமாட்டேன். நான் உண்மையைச் சொன்னதற்கு அம்மா அழவேண்டி வராது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றைக்கும் உன் பொண்ணு,
சுகுணா