விடுமுறையில் பூட்டிய நூலகம்

மகளுக்கு,

ஆற்றுப்பாலம் இடிந்த வருடம் அது. கோடை விடுமுறைக்குக் கிளம்பிய தலைமையாசிரியர், பள்ளிக் காவலாளியான என்னிடம் நூலகச் சாவியைத் தந்தார். "பிள்ளைங்க வந்தா புத்தகம் குடுங்க, பேரை நோட்டுல எழுதிக்குங்க." தினமும் என் வணக்கத்தை வாங்கிக்கொண்டவர், எனக்கு எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரியாதென்று சொல்ல எனக்கும் மானம் விடவில்லை.

நீ தோழிகளோடு வந்து நின்றாய். "சார் திறக்கக்கூடாதுன்னுட்டாரு, போங்க" என்று விரட்டினேன். அவர் திரும்பியதும், "ஒரு பிள்ளையும் வரல சார்" என்றேன். பிறகு எந்த விடுமுறைக்கும் அவர் சாவி தரவில்லை.

போன வாரம் அவர் சாவுக்குக் கூப்பிட்டேன். "எங்களைப் படிக்கவிடாத ஆளு, நான் எதுக்குப்பா வரணும்?" என்றாய். ஃபோனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லி எழுதவைக்கிறேன். அன்றே உண்மை தெரிந்த உன் அம்மாவும் போய்விட்டாள். நீ திட்டவேண்டிய ஆள் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா