அன்ரன் அழுத்தும் பொத்தான்

வியாழன், இரவு

இன்றோடு பாடகர் நசீரின் பாட்டுகள் பழைய சுருதியிலிருந்து ஒன்றரைக் கட்டை இறங்கிவிட்டன. சொன்னவர், அவருக்குப் பாட்டெழுதி கீபோர்ட் வாசிக்கும் அன்ரன். உட்துறைமுக வீதியில் நடந்த ஒத்திகையில், பத்திரிகைக் கட்டுரைக்காகப் போயிருந்த நானும் பார்த்தேன். நசீர் தேநீர் குடிக்க வெளியே போனதும், அன்ரன் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி இன்னும் அரைக்கட்டை இறக்கினார்.

"நசீருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. மேல் சுரம் அவருக்கு இப்ப ஏலாது. தெரிஞ்சுதெண்டா மனுசன் மேடைக்கே வராது. மற்ற வாத்தியக்காரப் பொடியளுக்கும் சொல்லி வச்சிருக்கிறன்."

நசீர் திரும்பி வந்து பாடினார். மேல் சுரம் சுத்தமாக வந்தது. என் தோளில் தட்டினார்.

"பாத்தீங்களா? அறுபது வயசு, அதே குரல்! இதப் பேப்பர்ல போடுங்க."

"ஓம் நசீர் நானா, உங்களுக்கெங்க வயசு போகுது?" என்றார் அன்ரன், தலை நிமிராமல்.

அன்ரனைப் பற்றிய ஞாயிறு கட்டுரையில் அவருடைய பாட்டுகள் எல்லாவற்றையும் பற்றி எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பொத்தானைப் பற்றிய பந்தியில்தான் உண்மையான அன்ரன் இருக்கிறார். நசீரோ பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். ஆசிரியர் கட்டுரையை நாளை நண்பகலுக்குள் கேட்கிறார். பந்தியை இன்னும் வெட்டவில்லை.