கைநாட்டு வைக்காதே

பூனா, 20.7.1972

அன்புள்ள ராசம்மாளுக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். இங்கே மல்யுத்தப் பயிற்சி முகாமின் சமையல்காரர் துரைராசு மூன்று மாதமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆனது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

என்னிடம் மல்யுத்தம் பழகுகிறவன் ஒருவன் போன வாரம் என்னையே தூக்கிப் போட்டுவிட்டான். தோள் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். "மாஸ்டருக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்தார்கள். "ரெண்டு தோளும் தரையில படல. நான் இன்னும் தோக்கல" என்றேன்.

குத்தகை நிலத்தை விட்டுவிடச் சொல்லி பண்ணையார் ஆள் காகிதம் கொண்டுவந்ததாக மகள் பூவம்மாள் எழுதியிருந்தாள். அவள் கடிதத்தை நானே படித்தேன். முன்பு டெஹ்ரான் மல்யுத்தப் போட்டியில் நான் ஜெயித்த அன்று, யாரோ நீட்டிய ஏதோ காகிதத்தில் கைநாட்டு வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. நீ வைக்காதே. "எங்க வீட்டுக்காரரு படிச்சுப் பாக்கட்டும், காயிதத்தைக் குடுங்க" என்று கேள். அந்த ஆள் சிரித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

வெங்காய வடகம் கொஞ்சம் அனுப்பு. இங்கே சாம்பாருக்கு வாசனையே இல்லை. தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். கீழே இருப்பது என் கையெழுத்து.

அரசப்பன்